மூடிக்கு உள்பக்கம்

அடித்தளத்தில் பதினேழாம் தூண்.
மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்டு
இங்கேதான் இருக்கிறேன் என்று வருடக்கணக்காய்ச் சொல்கிற தூண்.
அதில் போய் உரசினேன்,
வண்டியை விற்கத் தீர்மானித்த வாரத்தில்.

இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் கீறல்.
நீலம் போய், அடிப்பூச்சு போய்,
நடுவில் நகக்கண் அளவு தகரம்.
தகரத்தை அப்படியே விடக்கூடாது.
பெங்களூர் மழைக்கு நேரம் காலம் கிடையாது.

ஜே.சி. ரோட்டில் ஸீட் உறை தைக்கிற கடைகள் தாண்டி
முனவ்வரின் பெயின்ட் கடை.
வண்டித் தகட்டிலிருந்த நிற எண்ணை
மூன்று தரம் சரிபார்த்து எழுதிப் போயிருந்தேன்.
தாளை வாங்கி மடித்து
டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்.
"இது கம்பெனி நீலம் மேடம்.
உங்க வண்டி இப்ப என்ன நீலம், அதப் பார்க்கணும்."

பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொன்னார்.
உள்ளே
இரண்டாயிரத்து ஒன்பது இருந்தது.
வெயில் ஒருமுறையும் எட்டிப் பார்க்காத நீலம்
விளிம்பு வரைக்கும் வந்து
அங்கேயே நின்றுவிட்டது.
எனக்குக் கூச்சமாக இருந்தது,
யாருடைய துணி அலமாரியையோ திறந்ததுபோல.

"கூரை ஒண்ணு, பானெட் ஒண்ணு.
இடது பக்கம் ரொம்ப வெளுப்பு. எங்க நிறுத்துவீங்க?"
ஆபீஸ் வாசலில்,
இடது விலா மேற்கு வெயிலுக்கு.
ஒன்பது வருடம்.
வருகைப் பதிவேட்டில்கூட நான்
இவ்வளவு ஒழுங்காகப் பதிந்ததில்லை.

பிறகு டிக்கிக்கு வந்தார்.
முகத்தைச் சாய்த்து, நீளவாக்கில் பார்த்தார்.
சட்டைப் பையிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம்,
மாம்பழ வடிவம்.
கதவில் வைத்தார், ஒட்டியது.
டிக்கியின் வலது மூலையில் வைத்தார்.
மாம்பழம் சரிந்து தரையில் விழுந்தது.

"உள்ள பட்டி. நல்லா வாங்கியிருக்கு எப்பவோ."

ஒரே டாக்டர் ஓட்டியது, ஒரு உரசலும் கிடையாது என்று
தரகர் நாகேந்திரப்பா
பிள்ளைகள் மேல் சத்தியம் செய்த வண்டி.
சாயம் வெளுத்துப் போச்சு என்பார்கள்.
இங்கே
வெளுக்காததால் பிடிபட்டது.

கோபம் வரவில்லை. தரகர் முகமே மறந்துவிட்டது.
மழையா, குடியா,
பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா
என்பதுதான் திரும்பத் திரும்ப.
அந்த டிக்கியில் மளிகை ஏற்றியிருக்கிறேன்,
மெத்தை ஏற்றியிருக்கிறேன்,
ஒருநாள் ராத்திரி என் உடைமை மொத்தமும்.

முனவ்வர் கலந்தார்.
கறுப்பு ஒரு சொட்டு, வெள்ளை அரை, பச்சை.
நீலத்துக்குப் பச்சை எதற்கென்று கேட்கவில்லை.
தீக்குச்சியில் தொட்டுக் கதவில் ஒரு புள்ளி.
ட்யூப்லைட் சொல்வதை நம்பக்கூடாதாம்,
ஒவ்வொரு தடவையும் தெருவுக்கு வந்து பார்த்தார்.
ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் வேறு.
ஐந்தாவது புள்ளியைக் காணவில்லை.
"அங்கதான் இருக்கு" என்றார்.
காந்தத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

ஞாயிறு காலை
வெளிச்சத்துக்காக வெளியே எடுத்து நிறுத்தினேன்.
பிரஷ் வேண்டாம், பல்குச்சி போதும்,
கரை தாண்டாமல் குழியை மட்டும் நிரப்பு.
ஒரு பூச்சு. இருபது நிமிஷம். இன்னொன்று.
மூன்றாவதற்குத் தூறல்.
குடையை வண்டிக்குப் பிடித்தேன்.
காவலாளி போரா எதுவும் கேட்காமல்
எனக்கொரு குடை கொண்டுவந்தார்.

ஒரு வாரம் கழித்து இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாள்,
தண்ணீர் தொட்டுத் தொட்டு.
விரலுக்குத் தெரியாது.
சாய்ந்த வெயிலில் கண்ணுக்கு ஒரு மயிரிழை தெரியும்.
விட்டுவிட்டேன்.

எலஹங்காவிலிருந்து சேஷகிரி வந்தான், மனைவியோடு.
டயரை உதைத்தான். ஹார்ன் அடித்தான்.
"ஆக்சிடென்ட் ஏதாவது?"
இல்லை என்று வாய் தானாகத் திறந்தது.
பூசி மெழுகத்தான் இவ்வளவு பாடுபட்டிருந்தேன்.

கைப்பையில் துழாவி
மாம்பழத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
"டிக்கி. வலது மூலை."

எட்டாயிரம் குறைத்தான்.
மிச்ச பெயின்ட் டாஷ்போர்டில் இருக்கிறது என்றேன்.
மருந்து பாட்டில் அளவு.
மேலே எண் கிடையாது,
முனவ்வரின் கோணல் எழுத்து மட்டும்:
மேடம் வண்டி, இடது.