ஏழாம் ஸ்லைடு

அவலாஞ்சியில் விடிகாலை நீர் எட்டு டிகிரி.
போஜன் அண்ணன் வலையிலிருந்து டிரவுட்டை எடுத்துத் தருகிறார்.
ஈரத்துணிக்குள் அதன் துள்ளல்
என் முழங்கைவரை ஏறுகிறது.
வாலடியில் ஊசி. அரை மில்லி.
"போய்ட்டு வா" என்று தொட்டியில் விடுகிறார்,
பஸ் ஏற்றிவிடுவதுபோல.

ஊட்டி ஏரிக் கெண்டைக்கு அந்த மரியாதை இல்லை.
கூடையில் பாதி செத்தே வந்தது.
மேட்டுப்பாளையம் சந்தையில் வாங்கிய விரால்
கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையையும்
வாளிக்குள்ளிருந்தே கடந்தது,
அவ்வப்போது மேலே வந்து
எங்கள் காற்றில் ஒரு வாய் வாங்கிக்கொண்டு.

ஒரு சொட்டு. ஒரே இழுப்பு. மெத்தனால்.
சாயத்தில் இருபது நிமிஷம்.
பிறகு லென்ஸுக்கு எண்ணெய் வைத்து
நீளம் அகலம் நீளம் அகலம்.
எல்லாம் பூசணி விதை வடிவம்,
நடுவில் ஊதாவாய் ஒரு கரு.
டிரவுட்டுக்கு நீளம் கூடுதல்.
விராலுக்குக் குட்டை, கொஞ்சம் உருண்டை.
கெண்டை இரண்டுக்கும் நடுவில், முடிவெடுக்காமல்.
ஐம்பது செல் அளந்தால் ஒரு மீன்.
பத்து மீன் அளந்தால் ஒரு வரி.
அந்த வரிக்குப் பக்கத்தில் கைடு
சிவப்புப் பேனாவால் "ஏன்?" என்று எழுதுவார்.

ஏழாம் ஸ்லைடில் கரு இல்லை.
சாயம் ஏறவில்லை என்று நகர்த்தினேன்.
எங்கும் வட்டம், நடுவே வெளுப்பு.
எந்த மீனும் இப்படிக் காலியாக இருக்காது.
கட்டைவிரலைப் பார்த்தேன்.
நேற்றுக் கண்ணாடி கீறிய கோடு.
விழுந்த சொட்டையும் பழக்கத்தில்
இந்தக் கையே இழுத்து வைத்திருக்கிறது.

அதே பழக்கம், அளந்தேன்.
ஐம்பதும்.
ஏழு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு, ஐந்தே முக்கால்.
ஓரத்தில் மட்டும் சிவப்பு,
சாயம்போன வளையல்.

மூன்று வருஷமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது.
மலை, என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
குன்னூரில் பிறந்தவள் சொல்கிற பேச்சா அது?

மீன் தன் செல்லுக்குள் கடைசிவரை
விதையை வைத்திருக்கிறது.
நாம் அதையும் எறிந்துவிட்டு
இடமெல்லாம் சுமைக்கே என்று கிளம்புகிறோம்.
எறிந்தும் எனக்குச் சுமை நிரம்பவில்லை.

ஃப்ளாரன்ஸ் எட்டிப்பார்த்தாள்.
"இது என்ன இனம்?"
அட்டவணையில் அந்தக் கட்டம் காலி.
"அப்ப எடுத்துடு, சராசரி கெட்டுடும்."
எடுத்துவிட்டேன்.

நாலரை பஸ்ஸுக்கு முன்
சேரிங் கிராஸ் மருந்துக்கடையில்
இரும்பு மாத்திரை, முப்பது.
ரசீதுக்குப் பெயர் கேட்டார்கள்.
சொன்னேன்,
இனிஷியலோடு.