கவராயம்

காலை ஆறுக்கே தொங்காட் கிளினிக்கில் வரிசை.
என் சீட்டு நாற்பத்தொன்று, அவருடையது நாற்பத்திரண்டு.
வெறும் வயிறு. கரும்பாலைப் புகை
ஜன்னலில் நுழைந்து பாகு மணக்கிறது.
மூச்சைக்கூட அளந்து விடத் தோன்றும் எங்களுக்கு.

லெஃப்தேரிஸ். பஸ் நிலையத்துக்கு எதிரே
டீரூம் வைத்திருந்த கிரேக்கர், வயது எண்பத்து மூன்று.
பள்ளி விட்டதும் அவரிடம்தான்
பச்சை நிறக் க்ரீம் சோடா வாங்குவோம்.
மீதியை எங்கள் கையில் தரமாட்டார்,
மேசையில் உருட்டிவிடுவார்.
அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரி வேறு, எங்களுடையது வேறு.

ஃபைலில் 'டயபிட்டீஸ்' மேல் விரல் வைத்து
"இது எங்கள் சொல்" என்றார்,
களவுபோன குடையைக் கண்டெடுத்தவர் மாதிரி.
"தியவீத்திஸ். கடந்து போவது.
குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் கடந்து போகிறதல்லவா."
பிறகு இரண்டு விரலை விரித்து
என் முழங்காலருகே பெஞ்சில் நடக்கவிட்டார்.
"கவராயத்துக்கும் எங்களிடம் இதே பெயர்தான்."

முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர் நான்.
கரும்பலகையில் எத்தனை வட்டம்!
அத்தனை நாளும் கையில் பிடித்திருந்தது
இதன் பெயரைத்தானா?

அவருடைய இடது கால்சட்டை
முழங்காலுக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்தது.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
"ஊன்றுகிற கால் இருக்கிறது.
வட்டம்தான் போட முடியாது."

"உங்கள் பாஷையில்?"
நீரிழிவு, என்றேன்.
இழிதல் என்றால் இறங்குதல்.
அருவி மலையிலிருந்து இழியும்.
டர்பன் துறையில் எங்கள் ஆட்கள்
கழுத்தில் தகர வில்லையோடு
கப்பலிலிருந்து இழிந்தார்கள்,
கரும்பு வெட்ட.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு.
அதை அவரிடம் சொல்லவில்லை.
மேசையில் ஐந்து சென்ட் உருண்டு
கவிழ்கிற சத்தம் மட்டும்
ஒரு கணம் கேட்டது.

"ஸூலுவில் என்ன?" என்று
நர்ஸ் நோம்பிலோவைக் கேட்டார் அவர்.
"இசிஃபோ சிகாஷுகெலா. சர்க்கரை நோய்.
அதிலென்ன ஆராய்ச்சி? நாற்பத்தொன்று, விரலை நீட்டுங்கள்."

குத்தினாள். பதினான்கு.
அடுத்து அவர் உள்ளே போனார்,
ஊன்றுகோல் தரையில் புள்ளி புள்ளியாய்த் தட்ட.

"பதினாறு!" என்றார் திரும்பி வந்து,
பந்தயத்தில் என்னை முந்திவிட்டவர் போல.