ஐந்தாம் விலா, ஆறாம் விலா

பையை அமுக்கும் வேலை எனக்கு.
கோத்தகிரி ஆஸ்பத்திரியின் மூச்சு மெஷின்
போன மழையில் பழுதாகி ஊட்டிக்குப் போனது,
திரும்பவில்லை.
"நாலு நொடிக்கு ஒருதரம். மெதுவா" என்றார்
டாக்டர் ரேவதி போஜன்.
தேயிலை ஃபாக்டரியில் வாட்டும் தொட்டிக்குக்
காற்று விடுகிறவன் நான்.
இலை நடுவே காற்று போகணும், இலை பறக்கக் கூடாது.
அதே கணக்குதான்.

காட்டுப்பன்றி கிழித்த நுரையீரல் மடல்
எவர்சில்வர் கிண்ணத்தில் சுருண்டு கிடக்கிறது.
சுக்கு பக்கவாட்டில், நாக்கு வெளியே.
இனி மூட வேண்டியதுதான்.

வெதுவெதுப்பான உப்புநீரை நெஞ்சுக்குள் ஊற்றினார்.
அமுக்கினேன்.
சைக்கிள் டியூபை முக்கிப் பார்க்கிற மாதிரி
மூன்று பேரும் குனிந்தோம்.
ஒரு குமிழி.
இன்னொரு தையல்.
மறுபடி நீர். வெறும் நீர்.

பஞ்சுத்துணி பதினெட்டு என்று போர்டில் இருக்கிறது.
யோகராணி எண்ணினால் பதினேழு.
யாரும் பேசவில்லை.
என் செருப்பில் ஒட்டியிருந்தது பதினெட்டு.

விலாவைச் சுற்றி நூல் போட்டால் சீக்கிரம் முடியும்.
அவரோ கம்பியால் ஆறாம் விலாவில்
துளை போட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாக.
"விலாவுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு நரம்பு ஓடுது.
சேர்த்துக் கட்டிட்டா
ஒவ்வொரு மூச்சுக்கும் வலிக்கும்."
நிமிடத்துக்கு இருபது மூச்சு.
ஒரு நாளைக்கு இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
போடட்டும் துளை.

ஜீப் கவிழ்ந்து என் விலா உடைந்து ஏழு வருஷம்.
வைத்தியம் பார்த்தவர் பெயர் தெரியாது.
யாரோ நினைத்தால் தும்மல் வரும் என்பார்கள்.
எனக்குத் தலைகீழ்:
தும்மும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன்.

யோகராணி இரண்டு நூலைக் குறுக்கே இழுத்துப் பிடிக்க
விலாக்கள் கிட்டே வந்தன,
ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்.
முடிச்சு. முடிச்சு. முடிச்சு.
கடைசி முடிச்சுக்கு முன்
"நிறைய அமுக்கிப் பிடி!"
ரோஜா நிறத்தில் ஏதோ பொங்கி
இடுக்கு வரை வந்து தொட்டது.
இறுக்கினார்.

மேலே தசை, அடுக்கடுக்காய்,
அதனதன் விளிம்பு அதனதனோடு.
அப்புறம் தோல்.
நெஞ்சில் செருகிய குழாய் வழியே
சிரிஞ்சில் காற்றை உறிஞ்சினார்:
அறுபது, நாற்பது, பன்னிரண்டு.
அதற்குமேல் இழுத்தால்
பிஸ்டன் தானாகப் பின்வாங்கியது.

"கையை எடு."
எடுத்தேன்.
விரல்கள் மட்டும் நாலு நொடிக்கு ஒருதரம்
வெறுங்காற்றை அமுக்கிக்கொண்டிருந்தன.
ஃபாக்டரியில் ரெண்டாம் ஷிஃப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது.

பை,
யாரும் தொடாமல்,
லேசாகச் சுருங்கியது.