நிகர எடை

கஞ்சிக்கோட்டில் கம்பி உருக்கும் ஆலை வாசலில்
எடைமேடைக்கு நான்தான் பொறுப்பு.
லாரி ஏறும். எண் துடிக்கும். நிற்கும்.
சரக்கோடு ஒருமுறை, வெறுமனே ஒருமுறை,
கழித்து வருவதற்குத்தான் காசு.
வாரத்தில் ஐந்து நாள் இது.
மிச்சத்துக்கு பேஸ் கித்தார், நாலு கம்பி.
இதையும் உங்க ஆலையில்தான் உருக்கினாங்களா என்று
ஷினோஜ் கேட்பான்
ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பது போல.

சனிக்கிழமை கொச்சிக்குக் கிளம்புமுன்
விளையாட்டுக்கு வேனை மேடையில் ஏற்றினோம்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ.
நான் கேபினுக்குள் இருந்தேன், என்னைச் சேர்க்காமல்.
சீட்டில் சரக்கின் பெயர் கேட்கும் கட்டத்தில்
"பாட்டு" என்று அடித்தேன்.
கனகவேல் அதைக் கண்ணாடியில் செருகிக்கொண்டு
வண்டியை எடுத்தார்.

மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கு,
இப்போது காப்பிக்கடை.
முப்பத்தொரு டிக்கெட். அதில் ஆறு
கடைக்காரரின் சொந்தக்காரர்கள்.
எங்கள் பாட்டு ஏழு தட்டில் போகும்.
ஜெரோம் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுவான்,
வடகரப்பதிக் காற்றையும்
ஆயிரம் அடியிலும் ஈரம் காட்டாத போர்வெல்லையும்.
கூட்டத்தில் யாரோ ஒருவர் எட்டாவதாகவும் தட்டுவார்.
எந்த ஊரிலும் அவர் இருக்கிறார்.

முடித்தபோது கத்தினார்கள்:
ஒன்னுகூடி! ஒன்னுகூடி!
இன்னொரு பாட்டு என்று அர்த்தம்.
எனக்கு இரண்டு மொழியும் தெரியும்,
பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று.
ஆனாலும் மேடையில் காது
முதலில் தமிழைத்தான் பிடிக்கிறது.
ஒன்று கூடித்தானே நிற்கிறோம் என்று
விபினைப் பார்த்துச் சிரித்தேன்.
அவன் கீபோர்டின் ஒயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தான்.

விளம்பரத்துக்கு இசை போடும் ஸ்டுடியோ,
மாதச் சம்பளம், வைற்றிலாவில் அறை,
முன்பணம் கொடுத்து மூன்று வாரமாகிறதாம்.
பார்க்கிங்கில் சொன்னான்.
யாரும் சண்டை போடவில்லை.
ஆட்டோவுக்குள் கீபோர்டு அடங்கவில்லை.
ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு போனது,
கடைசி ஐந்து கட்டைகள் மழையில்.

அன்று எங்களுக்கு முன்னால் பாடியவள் ஹிபா,
நெம்மாறைக்காரி, வயது பத்தொன்பது.
ஒரு போன், ஒரு லூப் பெடல்,
கிடங்கின் மின்விசிறி ஓசையைப் பிடித்து
அதையே தாளமாகச் சுழலவிட்டாள்.
லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடும்போது
கால் ஊன்றிவிட்டதைப் பற்றி ஆறு நிமிடம்.
பல்லவி இல்லை. திரும்பி வர இடமே இல்லை.
எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.
இந்த வருடம் கேட்டதிலேயே
அதுதான் புதுசு.

திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் போட்டோம்.
குதிரான் சுரங்கத்தில் சிக்னல் போய்
பாட்டு பாதி எட்டில் நின்றது.
மீதியை ஷினோஜ் பாடினான்,
தப்பான சொற்களோடு, தப்பான சுருதியில்,
வெளிச்சம் வரும்வரை.
காலி சீட்டில் வாழைப்பழத் தார் ஆடிக்கொண்டிருந்தது.

அதிகாலை நாலு மணி. மறுபடி மேடை.
இரண்டாயிரத்து எண்ணூற்று இருபது.
நூற்றிருபது கழிந்திருக்கிறது.
விபின் அறுபத்தெட்டு,
கீபோர்டும் ஸ்டாண்டும் இருபது,
டீசல் இருபது, தின்ற பழம் இரண்டு என்று வை.
இன்னும் பத்து கிலோ எங்கே போனது?
ஜெரோம் தன் சட்டையை மோந்து பார்த்து
வேர்வை என்றான்.
உன் மெஷின் பொய் சொல்கிறது என்றான் ஷினோஜ்.
சொல்லாது. போன மாதம்தான் முத்திரை வைத்துப் போனார்கள்.

சரக்கின் பெயர் கேட்டு
கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.
என்ன அடிப்பதென்று விரல் நிற்கையில்
பின்னால் ஒடிசா லாரி ஒன்று, பழைய இரும்போடு,
ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.
மேடையைக் காலி செய்து கொடுத்தோம்.