இறங்கி நடக்கிற லென்ஸ்

மாசியில், நல்ல குளிர் பிடித்த நாட்களில்,
எட்டு நாற்பதுக்கு என் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது
மூன்று சூரியன்கள் நிற்கும்.
நடுவில் உண்மையானது.
இரு பக்கமும் பனித்துகள் செய்த போலிகள்,
மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி
கொஞ்சம் கூடுதல் மினுக்கோடு.

பின்னால் முப்பத்தெட்டுப் பேர்.
முப்பத்தெட்டும் குனிந்த தலை.
நிறுத்த முடியாது.
பாலத்தில் தரிப்பிடம் இல்லை.

பதினொரு வருடமாய் எட்மன்டனை
இப்படித்தான் பார்த்திருக்கிறேன்,
மணிக்கு நாற்பது கிலோமீட்டரில்
வைப்பர் துடைத்துவிட்ட அரைவட்டத்துக்குள்.

கமரா வாங்கப்போகிறேன் என்றதும்
தர்மினி சொன்னாள்:
"உந்த ஃபோனுக்குப் பின்னால மூண்டு கண் கிடக்கு.
நாலாவது ஆருக்கு?"
நியாயமான கேள்வி.
பதில் இல்லாததால் இரவிரவாய் விலை ஒப்பிட்டேன்.
மெகாபிக்சல், சென்சர், ஐ.எஸ்.ஓ.,
மகளின் பழைய கொப்பியில் நிரல் நிரலாய்.
விடியப் பார்த்தால்
எட்டாம் வாய்ப்பாடு போல இருந்தது:
மனப்பாடம் ஆகிவிட்டது,
கணக்குத்தான் வரவில்லை.

வைட் அவென்யூக் கடையில்
தலைமயிர் நுனியில் பச்சை தோய்த்த பையன்
கேட்டான், என்ன எடுப்பீர்கள்?
பறவையா, பிள்ளைகளா, மலையா, ஹொக்கியா?
'தவறவிட்டதை' என்று நாக்கு நுனிவரை வந்தது.
"பொதுவாக" என்றேன்.

பொதுவாக என்பவர்களுக்கென்றே
அவனிடம் ஒரு ஸூம் லென்ஸ் இருந்தது.
இருந்த இடத்தில் இருந்தபடியே
தூரத்தை இழுத்து மடியில் போடலாமாம்.
இருந்த இடத்தில் இருந்தபடியே.
அதற்குத்தானே எனக்குச் சம்பளம்!

பிறகு, ஒரு பேச்சுக்கு, இன்னொன்றைக் காட்டினான்.
யாரோ பாவித்தது. அடிமூலையில் கீறல்.
லென்ஸ் கிட்ட வராது, எட்டவும் போகாது.
"பெரிதாய்த் தெரியவேண்டுமென்றால்
நீங்கள்தான் நடந்து போகவேண்டும்" என்றான்,
ஏதோ குற்றம் செய்தவன் குரலில்.
கையில் வாங்கி ஒருமுறை அழுத்தினேன்.
சின்னச் சத்தம்.
பஸ்ஸில் இறங்குவதற்கு மணிக்கயிறு இழுக்கிற மாதிரி.
அறுநூற்று நாற்பது டொலர். வரி வேறு.

வியாழன் எனக்கு ஓய்வு.
என் தடத்திலேயே காலால் போனேன்.
மைனஸ் இருபத்தாறு.
குளிரில் பற்றரி செத்துவிடும் என்று சொல்லியிருந்தான்;
கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

நூற்றியொன்பதாம் தெருத் தரிப்பிடக் கம்பத்தில்
யாரோ தொலைத்த கையுறை ஒன்றை
யாரோ செருகிவிட்டிருந்தார்கள்.
ஐந்து விரலும் மேலே,
வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை.
எத்தனை நாளாய் இது கை தூக்கி நிற்கிறது?
நான் எத்தனை தரம் கடந்திருப்பேன்?
குனிந்து குவியம் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.
தரிப்பிடத்தில் மனிதன் நின்றால்
பஸ் நிற்கும்.
கதவு திறந்தது. கையசைத்தேன், போய்விட்டது.
மறுபடி குனிந்தேன். மறுபடி ஒன்று.
மூன்றாவதில் டரீனா இருந்தாள்.
"ஓய்வு நாளிலுமா? ஏறு, விறைத்துப்போவாய்."
நான் தினம் எட்டு மணிநேரம் இருக்கிற சூடு
கதவு வழியே இறங்கிவந்து முகத்தில் அறைய,
லென்ஸ் பால்போலப் படிந்து மூடியது.
அந்த நேரம் பார்த்து விரல் அழுத்திவிட்டது.

முதல் படம்:
வெறும் புகை. நடுவே ஒரு மஞ்சள் பொட்டு.
"என்ன இது?" என்றாள் தர்மினி.
"பஸ்."
"உள்ளயோ வெளியயோ?"

பாலத்துக்கும் போனேன்.
தரிப்பிடம் இல்லைத்தான்,
ஆனால் கம்பியோரமாய் நடைபாதை இருக்கிறது.
சூரியன் அன்று ஒன்றே ஒன்றுதான் வந்தது.
ஐந்தாவது படத்தோடு பற்றரியும் போனது.

இன்னொரு பற்றரி வேண்டும்.
அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.