கரு என்றால் கரடி

டார்ட்டுவில் மார்ச் மாதம்.
ஆறு இன்னும் திறக்கவில்லை.
பாலத்தடியில் பனிக்கட்டி சாம்பல் நிறமாகி
இரவெல்லாம் முனகுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
ஹில்யே நைட்ரஜன் தொட்டியைத் திறக்கிறாள்.
வெண்புகை முழங்கை வழியே வழிந்து
தரையில் படுக்கிறது.
நான்கில் கடைசி.
நான்கு வருடத் தூக்கம்.
மெல்லிய குழலின் நுனியில்
இருக்கிறதா இல்லையா என்னும் துளி.

தமிழில் கரு.
இந்த ஊர் மொழியில் அதே ஒலிக்குக்
கரடி என்று பொருள்.
பெரிய தவறும் இல்லை.
இந்தக் காட்டுப் பெண்கரடி கோடையில் சூல்கொண்டாலும்
பனிக்காலம் வரை அதை எங்கும் ஒட்டவிடாமல்
உள்ளேயே மிதக்க விட்டிருக்கும்.
கொழுப்பு சேர்ந்ததா,
குகை கிடைத்ததா,
பார்த்துவிட்டுத்தான் சம்மதம்.

மெரிகேவுக்கு அந்த வசதி இல்லை.
அவளுக்குப் பத்தரை மணி.

கோழிக்குஞ்சுப் பண்ணையில் வேலை அவளுக்கு.
போன வாரம் படிவத்தை நீட்டியபோது
கையெழுத்துக்கு முன் கேட்டாள்:
"ஓட்டை நீங்களே உடைப்பீர்களா?"

உடைப்பதில்லை.
லேசரால் ஓரிடத்தில் மெலிதாக்குவோம்.
உறைந்து எழுந்த கருவுக்கு
மேலுறை இறுகியிருக்கலாம்.

"எங்களுக்கு முதல் நாளே சொல்வார்கள்,
குஞ்சுக்கு உதவாதே என்று.
நாம் பிய்த்துவிட்ட ஓட்டிலிருந்து வருவது
எழுந்து நிற்காது."

ஹில்யே பொய் சொல்லவில்லை.
பலன் உண்டு என்கின்றன சில ஆய்வுகள்,
இல்லை என்கின்றன சில.
மூன்று முறை தவறியிருக்கிறது,
நானாக இருந்தால் செய்வேன் என்றாள்.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தாள் மெரிகே.
"ஒரு தடவை உதவியிருக்கிறேன்.
மேற்பார்வையாளருக்குத் தெரியாது."
"நின்றதா?"
"நொண்டியது.
ஆனால் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும்
கொத்தித் தின்றது."
கையெழுத்து போட்டாள்.

இப்போது திரையில்
உருகியது ஒடுங்கிக் கிடக்கிறது,
அளவு தப்பிய கோட்டுக்குள் ஆள்போல.
அந்த இடைவெளிதான் வேண்டும்.
உயிரணு எதுவும் ஒட்டாத பக்கம்,
உறையும் வெறும் நீரும் மட்டும் இருக்கும் பக்கம்
குறியை நகர்த்துகிறாள் ஹில்யே.
மூச்சை நிறுத்தச் சொல்லி விதி இல்லை.
நிறுத்துகிறாள்.

ஒரு சொடுக்கு.
ஒலி இல்லை. ஒளியும் கண்ணுக்குத் தெரியாது.
குமிழி ஒன்று வந்து போகிறது.
வட்டத்தின் கோட்டில்
எறும்பு கடித்தாற்போல் ஒரு பள்ளம்.
அதன் பக்கத்தில் இன்னொன்று.
இன்னும் ஒன்று.
கை மேலும் கேட்கிறது;
எடுத்துவிடுகிறாள்.
தாழ்ப்பாளைத் தளர்த்தலாம்.
வா வா என்று கையைப் பிடித்து இழுக்கலாகாது.

பத்தரை மணி.
உர்மோ நீலக் காலுறை இரண்டையும்
ஒரே காலணியில் மாட்டியிருக்கிறான்,
யாரும் சொல்லவில்லை.
மெரிகே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு
அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள்.
குழாய் போகிறது. வருகிறது.
திரையில் வெண்புள்ளி,
விளக்கணைத்த அறையில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி.

குழாயை வாங்கிக்கொண்டு
நுண்ணோக்கிக்கு ஓடுகிறாள் ஹில்யே.
சில சமயம் இறங்காமல்
ஓரத்தில் ஒட்டிக்கொண்டே திரும்பிவிடும்.
கழுவிப் பார்க்கிறாள். மறுபடி பார்க்கிறாள்.
சுவரில் உள்ள சின்ன சன்னல் வழியே
உரக்கச் சொல்கிறாள்:

"காலி."

மூன்று முறை கேட்ட சொல்.
மூன்று முறையும் கர்ப்பப்பையைப் பார்த்துச் சொன்ன சொல்.
உர்மோவின் முகம் வெளுக்கிறது.
"குழாய், குழாய் காலி," என்கிறாள் செவிலி அவசரமாக,
"இங்கே அது நல்ல வார்த்தை."

மெரிகேவுக்குச் சிரிப்பு வருகிறது.
வயிறு குலுங்கலாமா கூடாதா என்று
கேட்க மறந்துபோனது நினைவு வர,
உதட்டைக் கடித்து,
பாதியில் நிறுத்தி வைக்கிறாள்.