ஐந்தாவது கார்

ஞாயிறு, விடியற்காலை ஐந்தரை.
அடிவாரம் செக்போஸ்டில் குழல்விளக்கு இன்னும் எரிகிறது.
நோட்டில் எழுதுகிறவர் குனிந்து பார்க்கிறார்.
"தனியாவா மேடம்?"
நம்பர் எழுதி, 'எதற்காக' என்ற கட்டத்தைக்
காலியாக விட்டுக் கையசைக்கிறார்.

சேலத்தில் பதினோரு நர்சிங் ஹோமுக்கு
மயக்க மருந்து கொடுக்கிறவள் நான்.
ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியன் என்றால்
குழந்தைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.
இருபத்தாறு வருஷமாக
என் கொட்டாவியை எண்ணியவை கார்கள்தான்.

முதலில் வந்த மாருதி, வெள்ளை எண்ணூறு,
இதே மலையில், ஒன்பதாவது வளைவில் கொதித்தது.
பானெட்டைத் திறந்து நாலு பேரும்
ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பதுபோல் நின்றோம்.
ரேடியேட்டர் மூடியைக் குரங்கு கொண்டுபோனது.
ஆனாலும் அது பொய் சொன்னதில்லை,
முடியாது என்றால் முடியாதுதான்.

அப்புறம் சான்ட்ரோ.
ஏசி போட்டால் ஏறாது,
ஏறினால் ஏசி கிடையாது.
"ரெண்டும் சேர்ந்து செய்யுற வண்டி கடையில இல்லியா?"
என்று கேட்டாள் நாத்தனார், முந்தானையால் விசிறிக்கொண்டு.

இண்டிகா டீசல் தெருமுனை திரும்பும்போதே
"மேடம் வந்தாச்சு" என்று
நோயாளியை மேஜைக்கு மாற்றிவிடுவார்கள்.
அந்த வண்டியில் நான் ஹாரன் அடித்ததாக ஞாபகமே இல்லை.

சிட்டி, முருகபூபதி தேர்ந்தெடுத்தது.
வெள்ளி நிறம், நீளம், மௌனம்.
ஏறி உட்கார்ந்தாலே
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகிற மாதிரி இருக்கும்.
அஸ்தம்பட்டியின் ஒவ்வொரு வேகத்தடையும்
அதன் வயிற்றில் கையெழுத்துப் போட்டது.
மற்றபடி ஒரு நாள்கூட நின்றதில்லை.
குறை சொல்ல ஒன்றுமில்லாத ஒன்றோடு
ஒன்பது வருஷம்.

இப்போது இது.
சிவப்பு போலோ, ஆறு கியர், இரண்டாம் கை.
கோயம்புத்தூரில் நூல்மில்காரர் மகன் ஒருவன் விற்றான்.
ஸ்டியரிங்கில் அவன் உள்ளங்கை தேய்த்த வழவழப்பு
பத்தேகால் மணியில் அப்படியே இருக்கிறது.
சீட் பெஞ்சுபோல் கடினம். மைலேஜ் கேட்காதீர்கள்.
புனேயிலிருந்து வந்த என் ஆறடிப் பையன்
பின்சீட்டில் முழங்காலும் மோவாயும் ஒட்ட மடங்கிக்கொண்டு,
"அம்மா, இது காரா, ஷூவா?" என்றான்.

போட்டுப் பார், தெரியும்.

நாலாவது வளைவு. இரண்டாவது கியர்.
மிதித்ததும் ஒரு நொடித் தயக்கம்,
ஊசி போட்டு, மருந்து நரம்பில் ஏறும்வரை
நான் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் அதே நொடி.
பிறகு டர்போ.
எழுப்புவதும் என் தொழில்தான்.
என் ஆட்கள் குமட்டிக்கொண்டு எழுவார்கள்,
தண்ணீர் கேட்பார்கள், மணி கேட்பார்கள்.
இது சிரித்துக்கொண்டே எழுகிறது.

ஐந்து. ஆறு. ஏழு.
ஒன்பதில் மட்டும்,
பழைய மரியாதைக்கு, கொஞ்சம் மெதுவாக.

பன்னிரண்டில் லாரி.
சில்வர் ஓக் இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பி,
எதையோ மறந்து மறுபடி மேலே ஏறுகிறது போல.
மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்.
நூற்றுப்பத்து குதிரைகளும் ஓர் எருமைக்குப் பின்னால்
வரிசையில் நிற்கின்றன.
மாருதியும் இப்போது இங்கேதான் இருந்திருக்கும்,
சான்ட்ரோவும், ஏசி இல்லாமல்.
புகைக்குள் சிரித்துவிட்டேன்.
பதினாறில் கிளீனர் பையனின் கை வெளியே வந்து
போ, போ என்றது.

போனேன்.

இருபது கொண்டை ஊசி.
செருகிக்கொள்ள எனக்குக் கொண்டை இல்லை,
கீமோவில் போனபின் வளரவிடவில்லை.
அதைப் பற்றி இந்த வண்டிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.
சிட்டிக்கு எல்லாம் தெரியும்,
அதனால்தான் விற்றேன் என்று
முருகபூபதியிடம் சொல்லவில்லை.

மேலே ஏரியை மூடிப் பனி.
ஒரு டீ. ஆறும் எஞ்சின் டிக் டிக் என்கிறது.
பத்து நிமிஷத்தில் திருப்பிவிட்டேன்.

செக்போஸ்டில் அதே ஆள், அதே நோட்டு.
"அதுக்குள்ளயா? எதுக்கு மேடம் போனீங்க?"
"வளைவுக்கு" என்றேன்.
லாரிச் சத்தத்தில் காதைக் குவித்து
"உறவுக்கா?" என்றவர்
காலிக் கட்டத்தில் பொறுமையாக எழுதினார்:
'உறவினர் வீடு'.

திருத்தவில்லை.